கல்லில் இருப்பது இலையா, கறையா?

கேள்வி: முற்றத்தில் பதித்த ராஜஸ்தான் மணற்கல்லில் கறுப்பாகப் பெரணி இலைகள் தெரிகின்றன. 'ஃபாசில் கல்', அதாவது புதைபடிவக் கல் என்றுதான் விற்றார்கள். உண்மையில் இலைதானா?

பதில்: இல்லை. டென்ட்ரைட் என்னும் கனிமக் கறை அது. விரிசலில் கசிந்த நீர் கொண்டுவந்த மாங்கனீசும் இரும்பும் ஆக்சைடாகப் படிந்திருக்கின்றன. நீட்டிக்கொண்டிருக்கும் நுனிக்கே புதிய துகள் முதலில் கிடைக்கும். அதனால் நுனி மேலும் நீளும், உள்ளிடுக்குகள் பட்டினி கிடக்கும். மரவடிவம் வர இது போதும், விதை தேவையில்லை. விற்றவரைத் திட்டாதீர்கள், அந்தக் கல்லின் வணிகப் பெயரே அப்படித்தான்.

கேள்வி: கண்ணால் பார்த்தே பிரித்தறிய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். முதலில் நடுக்காம்பைத் தேடுங்கள். பெரணியில் அதன் இருபுறமும் சிற்றிலைகள் ஒழுங்காக அடுக்கி, நுனி நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். டென்ட்ரைட் விரிசலின் ஓரத்திலிருந்து கிளம்பி மனம்போன போக்கில் பிரியும். உருப்பெருக்கியில் பார்த்தால் இலையில் நரம்பு தெரியும். டென்ட்ரைட்டில் அதே கிளைகள்தான், இன்னும் பொடியாக. எனக்குப் பிடித்த சோதனை வேறு: உதிர்ந்த இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், பாதியில் கிழிந்திருக்கும். டென்ட்ரைட் கிளைகளோ ஒன்றையொன்று தாண்டிச் செல்வதில்லை.

கேள்வி: ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் தெரிந்துவிடுமாமே?

பதில்: உதவும். மாங்கனீசு ஆக்சைடு பட்டால் அது நுரைக்கும். ஆனால் கல்லில் ஒட்டிய மண்ணும் அழுக்கும்கூட நுரைக்க வைக்கும், ஆகவே நன்றாகக் கழுவிவிட்டு ஒரு துளி போதும். நுரைக்காததை வைத்து மட்டும் 'இலைதான்' என்று கொண்டாடிவிடாதீர்கள்.

கேள்வி: உத்தரப் பிரதேசத்தின் பாந்தாவில் வாங்கிய அகேட் கல்லுக்குள் குட்டி மரம் இருக்கிறது. பாசியா?

பதில்: சஜர் கல். கேன் ஆற்றில் கிடைப்பது. 'சஜர்' என்றால் மரம். பெயரில்தான் மரம், உள்ளே இருப்பது கனிமமே.

கேள்வி: தமிழ்நாட்டில் நிஜமான இலைப் படிவம் உண்டா?

பதில்: ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் களிப்பாறைகளில் டைலோஃபில்லம் என்னும், அழிந்துபோன தாவரத்தின் இலைகள் கிடைத்திருக்கின்றன. நடுக்காம்பும் இருபுறமும் நெருங்கிய குறுஞ்சிற்றிலைகளும் கொண்டவை. ஒன்றைப் பார்த்துவிட்டால் கறையைக் கண்டு ஏமாறுவது கடினம். திருவக்கரையில் இருப்பது இலையல்ல, கல்லாகிப்போன மரம். அங்கே பார்க்கலாம், எடுத்து வரக் கூடாது.

கேள்வி: ஒரே கல்லில் இரண்டும் இருக்குமா?

பதில்: தாராளமாக. ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லில் உண்மையான புதைபடிவங்களும் உண்டு, டென்ட்ரைட்டும் உண்டு. உயிரி புதைந்து, சேறு கல்லாகி, விரிசல் விட்ட பிறகு வந்து சேர்ந்தது அந்தக் கறை.