டூல்பார் ஐகான்கள்: எது ஒன்றுபோல் இருக்க வேண்டும், எது வேறாக இருக்க வேண்டும்?

கேள்வி: சிறு கடைகளுக்கான பில்லிங் மென்பொருளைப் பத்து ஆண்டுகளுக்கு மேலாக விற்று வருகிறோம். டூல்பாரில் 22 ஐகான்கள் இருக்கின்றன. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு இடத்தில் எடுத்தவை என்பதால் சில பளபளப்பாகவும் சில வெறும் கோட்டுப் படமாகவும் இருக்கின்றன. புதிய லேப்டாப்களில் மங்கலாகத் தெரிவதாகச் சொல்கிறார்கள். விற்பனை பில்லுக்குப் பதில் எஸ்டிமேட்டை அழுத்திவிடுகிறார்கள். போனில் உதவி கேட்கும்போது எந்தப் பட்டன் என்று எங்களால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே பாணியில், ஒரே நிறத்தில் மாற்றிவிடலாம் என்று நினைக்கிறோம். சரியா?

பதில்: ஒரே பாணிக்கு மாற்றுவது சரி. ஆனால் உங்கள் கேள்வியில் மூன்று தனித்தனிச் சிக்கல்கள் கலந்திருக்கின்றன: படம் மங்குவது, ஒன்றுக்கொன்று குழம்புவது, பட்டனுக்குப் பெயர் இல்லாமல் இருப்பது. பாணியை மாற்றுவதால் மட்டும் இவற்றில் எதுவும் தீராது. எல்லாவற்றையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுபோனால் குழப்பம் இன்னும் கூடும்.

மங்கலை முதலில் முடித்துவிடுவோம். அதற்குக் காரணம் ஐகானாகவே இல்லாமல் இருக்கலாம். புகார் வந்த லேப்டாப் ஒன்றில் உங்கள் மென்பொருளைத் திறந்து மெனுவில் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். எழுத்தும் மங்கலாக இருந்தால், திரையின் டிபிஐ-யை, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதை, தானே பார்த்துக்கொள்வதாக உங்கள் மென்பொருள் விண்டோஸிடம் அறிவிக்கவில்லை. அப்படிப்பட்ட மென்பொருளின் முழு ஜன்னலையும் விண்டோஸ் ஒரு படத்தைப் பெரிதாக்குவதுபோல இழுத்துக் காட்டும். அதற்கு, மென்பொருளைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் திருத்தம் தேவை. அதைச் செய்யாமல் எவ்வளவு அழகாக ஐகான் வரைந்தாலும் மங்கல் போகாது.

எழுத்து கூர்மையாக இருந்து ஐகான் மட்டும் மங்கினால், அது அளவுக் கணக்கு. விண்டோஸின் காட்சி அளவு (ஸ்கேலிங்) 100 சதவீதமாக இருக்கும் நிலைக்கு 16 பிக்சல் ஐகான் வைத்திருப்பீர்கள். 14, 15 அங்குல ஃபுல் எச்டி லேப்டாப்களில் பெரும்பாலும் 125 அல்லது 150 சதவீதம்தான் வைத்திருப்பார்கள். அப்போது 16 என்பது 20 ஆகவோ 24 ஆகவோ மாற வேண்டும். 20 ஆகும்போது ஒரு பிக்சல் கோடு ஒன்றேகால் பிக்சல் ஆகிறது. திரையில் கால் பிக்சல் கிடையாது என்பதால் அந்த மிச்சம் பக்கத்துப் பிக்சலில் சாம்பலாகக் கசிகிறது. நாம் மங்கல் என்று சொல்வது இதைத்தான்.

எந்த அளவுக்கும் நீட்டிச் சுருக்கக்கூடிய எஸ்விஜி பட வடிவத்துக்கு மாறினால் போதும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். போதாது. 24 பிக்சல் கட்டத்தில் 2 பிக்சல் கோட்டால் வரைந்த எஸ்விஜி-யை 16-க்குச் சுருக்கினால் கோடு 1.33 பிக்சல் ஆகிறது, அதே கசிவு திரும்ப வருகிறது. 16, 20, 24 மூன்றையும் தனித்தனியாகத்தான் வரைய வேண்டும். 32 என்பது 16-ன் இரட்டிப்பு, 48 என்பது 24-ன் இரட்டிப்பு. அந்த இரண்டுக்கும் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை.

22 ஐகானுக்கு மூன்று அளவு என்றால் வேலை நிறையத்தான். அதனால் எல்லாவற்றையும் நீங்களே வரைய வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டின் ஃப்ளூயன்ட் ஐகான் தொகுப்பு எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, வணிக மென்பொருளிலும் பயன்படுத்தலாம். அளவுக்கு அளவு தனியாக வரைந்திருப்பதுதான் அதன் பெரிய வசதி. சேமி, அச்சிடு, தேடு, நீக்கு போன்ற பொதுவான வேலைகளுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலுக்கே உரியவற்றை மட்டும் அதே கோட்டுத் தடிமனில் வரையுங்கள். இரண்டு தொகுப்புகளைக் கலக்க வேண்டாம், இப்போதைய நிலைமை வந்ததே அப்படித்தான்.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். கூகுள் 2020 அக்டோபரில் ஜிமெயில், காலண்டர், டிரைவ், மீட் ஆகியவற்றின் ஐகான்களை ஒரே குடும்பமாக மாற்றியது. எல்லாவற்றிலும் அதே நான்கு நிறங்கள். தொகுப்பாகப் பார்த்தால் நன்றாகவே இருந்தது. ஆனால் பிரவுசரில் பத்து டேப் திறந்திருக்கும்போது எது மெயில், எது காலண்டர் என்று சட்டென்று தெரியவில்லை எனப் பலர் புகார் சொன்னார்கள். தொகுப்பைப் பார்த்து ரசிப்பது வடிவமைப்பவரின் வேலை. பயன்படுத்துபவர் தேடுவது ஒரே ஒரு ஐகானை, அதுவும் ஓரக்கண்ணால். அவருக்கு முதலில் எட்டுவது நிறமும் வெளிவடிவமும்தான். உள்ளே இருக்கும் நுணுக்கம் அப்புறம்.

உங்கள் டூல்பாரில் எது குழம்பும் என்று படத்தைப் பார்க்காமலேயே ஊகிக்க முடிகிறது. விற்பனை பில், கொள்முதல் பில், எஸ்டிமேட், டெலிவரி சலான், கிரெடிட் நோட், ரிப்போர்ட் எல்லாமே காகிதங்கள். எல்லாவற்றுக்கும் மூலை மடிந்த தாள் ஒன்றை வரைந்து, கீழே சின்னதாக ஒரு கூட்டல் குறியோ அம்போ போட்டிருப்பார்கள். 16 பிக்சல் ஐகானில் அந்தச் சின்னக் குறிக்குக் கிடைப்பது ஏழெட்டு பிக்சல். அவசரத்தில் இருக்கும் கவுன்டர்காரர் கண்ணுக்கு ஆறும் ஒரே தாள்தான்.

அதனால் தாளை வரையாதீர்கள், அந்த வேலையை வேறாக்கும் பொருளை வரையுங்கள். விற்பனை பில்லுக்குப் பிரின்டரில் இருந்து வரும் நீண்ட ரசீது, அடியில் பற்கள்போன்ற வெட்டு. கொள்முதலுக்குப் பெட்டி, உள்ளே போகும் அம்பு. டெலிவரி சலானுக்கு வண்டி. ரிப்போர்ட்டுக்குப் பட்டை வரைபடம். எஸ்டிமேட்டுக்குக் கால்குலேட்டர். கிரெடிட் நோட்டுக்குத் திரும்பி வரும் வளைந்த அம்பை முழு அளவில் போட்டு, ரூபாய்க் குறியை அதற்குள் வையுங்கள். இப்போது நீளம், சதுரம், அகலம், வளைவு எனப் பலவகையாக ஆறு வெளிவடிவங்கள் கிடைத்துவிட்டன.

ரூபாய்க் குறி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டில் செய்த தொகுப்புகளில் பணம் என்றால் பெரும்பாலும் டாலர் குறிதான் இருக்கும். நம் ஊர்க் கடைக்கான மென்பொருளில் அது கூடாது. உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறி 2010-லேயே அதிகாரபூர்வமாகிவிட்டது. சின்ன அளவில் வரைவதற்கு அது சற்றுக் கடினமான வடிவம்: மேலே இரண்டு கிடைக்கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு பிக்சல், நடுவில் குறைந்தது ஒரு பிக்சல் இடைவெளி. எழுத்துருவில் இருந்து எடுத்துச் சுருக்கினால் இரண்டு கோடும் ஒட்டிக்கொள்ளும். பிக்சல் பிக்சலாகக் கையால் வையுங்கள். 16 அளவில் நாணய வட்டத்துக்குள் அதை அடைக்க முயல வேண்டாம், தனியாகவே நிற்கட்டும்.

ஒன்றுபோல் இருக்க வேண்டியவை வேறு. கோட்டின் தடிமன், மூலையின் வளைவு, பார்க்கும் கோணம் (எல்லாம் நேர் எதிரே, ஒன்றுகூடச் சாய்வாக வேண்டாம்), சின்னக் குறி உட்காரும் இடம். அப்புறம், கண்ணுக்குத் தெரியும் பருமன். இந்தக் கடைசி விஷயத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். 20 பிக்சல் சதுரமும் 20 பிக்சல் வட்டமும் பக்கத்தில் இருந்தால் சதுரம் பெரிதாகத் தெரியும், அதன் பரப்பு அதிகம். கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு விதிகளில் 24 கட்டத்துக்குள் வட்டத்துக்கு 20, சதுரத்துக்கு 18, நிற்கும் செவ்வகத்துக்கு அகலம் 16 உயரம் 20 என்று வைத்திருப்பது இதனால்தான். அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைந்து முடித்ததும் எல்லா ஐகானையும் உள்ளே கறுப்பு நிரப்பி வெறும் நிழலுருவாக்கி வரிசையாக வையுங்கள். எந்த இரண்டு நிழல்கள் ஒன்றுபோல் இருக்கின்றனவோ அந்த இரண்டும்தான் கடையில் மாற்றி அழுத்தப்படும். டூல்பாரில் அவை பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம்.

நிறத்துக்கு வருவோம். நிரல் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டூடியோ 2012-ன் சோதனைப் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் ஐகான்களின் நிறத்தைப் பெருமளவு எடுத்துவிட்டுச் சாம்பலாக்கியது. நிரலாளர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு வந்தது, இறுதி வெளியீட்டுக்கு முன்பே பல ஐகான்களில் நிறம் திரும்பியது. 2018-ல் வந்த, படங்களைத் திருத்தும் கிம்ப் 2.10 மென்பொருளும் ஒற்றை நிற ஐகான்களை இயல்பாக்கியது. அங்கே பழைய வண்ண ஐகான்களை அமைப்புகளில் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வழியை விட்டுவைத்தார்கள். எனக்கு ஒற்றை நிறத்தின் மீது வெறுப்பு கிடையாது. ஆறு ஏழு ஐகான் உள்ள போன் செயலியில் அது சரியாக வேலை செய்யும். 22 ஐகான் அடுத்தடுத்து நிற்கும் டூல்பாரில் நிறம் ஒரு அடையாளம், அதைத் தூக்கிப்போடக் கூடாது.

என் பரிந்துரை இது. எல்லா ஐகானுக்கும் உடல் ஒரே அடர் நிறம். பணம் உள்ளே வரும் வேலைகளுக்கு ஒரு துணை நிறம், வெளியே போகும் வேலைகளுக்கு இன்னொன்று, நீக்குதல் போன்ற ஆபத்தான வேலைக்குச் சிவப்பு. அதற்கு மேல் நிறம் சேர்த்தால் எதற்கும் பொருள் இருக்காது. துணை நிறங்களுக்குச் சிவப்பு–பச்சை இணையைத் தவிர்த்து நீலம்–ஆரஞ்சு எடுங்கள், நிறக்குருடு உள்ளவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது சிவப்பிலும் பச்சையிலும்தான். நிறம் போனாலும் வடிவத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடிய வேண்டும்.

அடர்த்திக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. இணைய அணுகல்தன்மை விதிகளான டபிள்யூசிஏஜி 2.1, ஐகானுக்கும் பின்னணிக்கும் குறைந்தது 3:1 வேறுபாடு கேட்கிறது. வெள்ளைப் பின்னணியில் #949494 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் அந்த எல்லையை நூலிழையில் தாண்டுகிறது. நீங்கள் எல்லையிலேயே நிற்காமல் #767676 அல்லது அதைவிட அடர்த்தியாகப் போங்கள். கடையில் டியூப்லைட் வெளிச்சம் விழும் பழைய மானிட்டரில் வெளிர் சாம்பல் கரைந்துவிடும். அதோடு, வெளிர் சாம்பல் என்றால் இப்போது அழுத்த முடியாத பட்டன் என்றுதான் எல்லோருக்கும் பழக்கம்.

மூன்றாவது, பெயர். உங்கள் போன் உதவிச் சிக்கலுக்கு ஐகானால் மருந்தே கிடையாது. தொண்ணூறுகளில் மின்னஞ்சல் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கில் புதியவர்கள் டூல்பாரையே தொடவில்லை. ஐகான்களை மாற்றி வரைந்தார்கள், வரிசையை மாற்றினார்கள், பலன் இல்லை. முக்கியமான சில பட்டன்களில் பெயரை எழுதியதும் நிலைமை மாறிவிட்டது. பிற்காலத்தில் ஆபீஸின் ரிப்பனை (மெனுவுக்குப் பதில் வந்த மேல்பட்டையை) வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜென்சன் ஹாரிஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஆகவே தினமும் அழுத்தும் ஏழெட்டு பட்டன்களுக்கு ஐகானுக்குக் கீழே பெயர் போடுங்கள். கடைக்காரர்கள் வாயில் வரும் பெயராக இருக்கட்டும்: பில், கொள்முதல், ஸ்டாக், ரிட்டர்ன், பேலன்ஸ். தமிழில் எழுதும்போது எழுத்தளவை 9 பாயின்டுக்குக் கீழே இறக்காதீர்கள். மேலேயும் கீழேயும் கொக்கிகள் உள்ள எழுத்துகளுக்கு வரி உயரம் கூடுதலாக வேண்டும், ஆங்கிலத்துக்கு வைத்த பட்டனில் அவை வெட்டுப்படும். விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா யுஐ எழுத்துரு இதற்குப் போதுமானது. ஐகானுக்கு உள்ளே மட்டும் தமிழ் எழுத்து வேண்டாம், 16 பிக்சலில் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மற்ற பட்டன்களுக்கு மவுஸை வைத்தால் பெயரும் குறுக்குவிசையும் தெரிந்தால் போதும். மாதம் ஒருமுறை தொடும் பட்டன்களை மெனுவுக்கு அனுப்பிவிடுங்கள். பேக்கப்பும் பயனர் நிர்வாகமும் டூல்பாரில் இருந்தே தீர வேண்டியவை இல்லை. 22 என்பது 14 ஆனால் மீதி ஐகான்கள் தானாகவே தெளிவாகும், கிடைக்கும் இடத்தில் பட்டனையும் பெரிதாக்கலாம். தொடுதிரை வைத்திருக்கும் கடைகளில் விரலுக்குக் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் வேண்டும்.

வெளியிடும் முன்பு கடை ஆட்களிடம் காட்டிப் பாருங்கள். 1981-ல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்கே நான்கு ஐகான் தொகுப்புகளை வரைந்து, ஆட்களை வைத்துச் சோதித்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். உங்களுக்கு அவ்வளவு ஏற்பாடு தேவைப்படாது. டூல்பாரை நிஜ அளவில் காட்டி, "எஸ்டிமேட் எங்கே?" என்று கேட்டு விரலால் தொடச் சொல்லுங்கள். உங்கள் அலுவலகத்துக்கு வெளியே உள்ள ஐந்தாறு பேர் போதும். "நன்றாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். யார் எங்கே தயங்குகிறார், எதை மாற்றித் தொடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும்போது, தங்கும் பட்டன்களின் வரிசையை மாற்றாதீர்கள். பத்து ஆண்டுகளாக உங்கள் மென்பொருளைப் பயன்படுத்துபவர் படத்தைப் பார்த்து அழுத்துவதில்லை, இடத்தை வைத்து அழுத்துகிறார். படமும் இடமும் ஒரே நாளில் மாறினால் அவர் பில் போடும் வேகம் விழுந்துவிடும். பழைய ஐகான்களுக்குத் திரும்பும் ஒரு தேர்வை அமைப்புகளில் ஓர் ஆண்டாவது வைத்திருங்கள். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் இன்றும் பல ஐகான் பாணிகளில் விரும்பியதைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் இந்த அப்டேட்டை அனுப்ப வேண்டாம். துணிக்கடை வாடிக்கையாளர்கள் அதிகம் என்றால் ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களையும் விட்டுவிடுங்கள்.