பாசிமணிப் பொட்டலத்தில் இருக்கும் அந்த ‘ஆட்’

வாசகி ஒருவரின் கேள்வி இது. பாசிமணி கோத்து நகை செய்யப் பழகிக்கொண்டிருக்கிறார். ஆங்கில வீடியோக்களில் ‘லெவன் ஆட்’, ‘ஃபிஃப்டீன் ஆட்’ என்று ‘ஆட்’ (aught) எனும் ஒரு சொல் அடிக்கடி வருகிறது. அகராதியைப் புரட்டினால் ‘ஏதாவது ஒன்று’ என்று போட்டிருக்கிறது, மணிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார். கூடவே, பொட்டலத்தில் மணியின் அளவாகப் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து, 11/0-ஐ விட 15/0 பெரிதாக இருக்கும் என்று நம்பி வாங்கியதாகவும், பிரித்துப் பார்த்தால் பொடிப்பொடியாக இருந்ததாகவும் எழுதியிருக்கிறார்.

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் கேட்கும் ‘ஆட்’, சாய்கோட்டுக்குப் பின்னால் நிற்கிற அந்தப் பூஜ்யம்தான். 11/0 என்பதைப் பின்னம் மாதிரி ‘லெவன் பை ஸீரோ’ என்று படிக்கக் கூடாது, ‘லெவன் ஆட்’ என்றுதான் படிக்க வேண்டும். சிலர் ‘லெவன் ஓ’ என்பார்கள், சிலர் வெறுமனே ‘சைஸ் லெவன்’ என்பார்கள். 11-க்கு மேல் குட்டி வட்டம் போட்டு, வெப்பநிலை எழுதுவதுபோல 11° என்று எழுதுவதும் உண்டு. எல்லாம் ஒரே மணிதான்.

அகராதி சொல்வதும் பொய்யில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஆட்’ என்றால் ‘ஏதாவது’, ‘நாட்’ (naught) என்றால் ‘ஒன்றுமில்லை’, அதாவது பூஜ்யம். ‘அ நாட்’ என்று சேர்த்துச் சொல்லும்போது காதில் ‘அன் ஆட்’ என்று விழுந்திருக்கிறது. முன்னால் இருந்த ‘ந்’ ஒலி பிரிந்துபோய் ‘ஆட்’ என்றாலே பூஜ்யம் என்று ஆகிவிட்டது. (ஏப்ரன் என்கிறோமே, அதுவும் முதலில் ‘நேப்ரன்’தான், இதே மாதிரி ‘ந்’ ஒலியை இழந்தது.) ஆக ஒரே சொல் ‘ஏதாவது’ என்றும் ‘ஒன்றுமில்லை’ என்றும் எதிரெதிர்ப் பொருளில் நிற்கிறது, அகராதியைப் பார்த்து நீங்கள் குழம்பியதில் தப்பே இல்லை. இன்றைக்கு இது பேச்சில் அரிதாகிவிட்ட சொல், ஆனால் மணி கோப்பவர்களிடம் தினமும் புழங்குகிறது.

எண் ஏற ஏற மணி ஏன் சிறுக்கிறது? பூஜ்யத்தின் எண்ணிக்கைதான் அளவு. 0 ஒரு அளவு என்றால் 00 அதைவிடச் சிறியது, 000 இன்னும் சிறியது. பதினொரு பூஜ்யத்தை யார் வரிசையாக எழுதிக்கொண்டிருப்பது, அதனால் 11/0. அறுவை சிகிச்சையில் தையல் போடும் நூலுக்கும் இதே கணக்குதான், அங்கேயும் 6-0 நூல் 3-0 நூலை விட மெல்லியது.

மில்லிமீட்டரில் சொன்னால் உருட்டு மணியில் 6/0 ஏறக்குறைய 4, 8/0 ஏறக்குறைய 3, 11/0 இரண்டுக்குச் சற்று மேல், 15/0 ஒன்றரை. ‘ஒரு அங்குலத்தில் 11 மணி அடங்கும், அதனால்தான் 11’ என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. துளை மேலே பார்க்கும்படி அடுக்கி எண்ணினால் 12 வரும், நூலில் கோத்து எண்ணினால் அதைவிடவும் கூடும். ஆகவே அந்தக் கணக்கை நம்பி மணி வாங்காதீர்கள்.

இன்னொரு விஷயம், இதில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்: எண் ஒன்றாக இருந்தால் மணியும் ஒன்றாக இருக்கும் என்பதில்லை. ஜப்பானிய மணி நிறுவனமான மியூக்கியின் ‘டெலிகா’ வகை 11/0 குழாய்த் துண்டு மாதிரி இருக்கும், விட்டம் 1.6 மி.மீ.தான். அதே நிறுவனத்தின் உருட்டு மணி 11/0 அதைவிடத் தெளிவாகப் பெரியது. டெலிகா என்று எழுதிய வரைபடத்துக்கு உருட்டு மணியைப் போட்டால் துண்டு பெரிதாகிவிடும், ஓரமும் நெளியும். செக் மணியும் ஜப்பான் மணியும்கூட ஒரே எண்ணில் கொஞ்சம் வித்தியாசப்படும், ஒரு வேலைக்குள் கலக்காமல் இருப்பது நல்லது. சந்தேகம் வந்தால் ஊசியில் பத்து மணியைக் கோத்து அளவுகோலில் வைத்துப் பாருங்கள், டெலிகா 11/0 என்றால் 13 மி.மீ. பக்கம் நிற்கும்.

சரி, கையில் இருக்கும் 15/0 பொட்டலத்தை என்ன செய்வது? தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், கல் பதிக்க அது ரொம்பவே உதவும். 14 மி.மீ. ரிவோலி கல்லுக்கு (இரண்டு பக்கமும் கூம்பாகப் பட்டை தீட்டிய வட்டக் கண்ணாடிக் கல்) 36 டெலிகா மணியை வளையமாகக் கோத்து, பெயோட்டி தையலில் (ஒரு மணி விட்டு ஒரு மணியாக இடைவெளியில் கோப்பது) ஒரு சுற்று ஏற்றி, அப்புறம் 15/0-க்கு மாறி இரண்டு சுற்று போட்டு நூலை இழுங்கள். மணி சிறிது என்பதால் வளையம் உள்பக்கமாகச் சுருங்கி, கல்லின் விளிம்பைக் கவ்வும். கல்லை உள்ளே வைத்துவிட்டு மறுபக்கமும் அதே இரண்டு சுற்று. எண் சிறிது, மணியும் சிறிது என்று நினைத்து அந்த இடத்தில் 8/0-ஐப் போட்டிருந்தால் வாய் விரிந்து கல் நழுவி விழுந்திருக்கும்.

ஊசியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். 11/0-க்குப் பழகிய 10-ஆம் எண் ஊசி, 15/0 மணியில் இரண்டாம் முறை நூல் போகும்போதே இறுகும், வலுக்கட்டாயமாக இழுத்தால் மணி உடையும். 12 அல்லது 13 வாங்குங்கள். ஊசியிலும் எண் கூடினால் மெல்லியதுதான்.