அமெரிக்க அரசியல்வாதிங்க, ஜட்ஜுங்க நிறைய பேரு காலேஜ் ஃப்ரெட்டர்னிட்டி ஆளுங்களாமே, நிஜமா?

நிஜம்தாங்க. ஃப்ரெட்டர்னிட்டின்னா சும்மா ஹாஸ்டல் கேங் இல்ல, கிரேக்க எழுத்துல பேரு, சத்தியப்பிரமாணம்னு ஆயுசுக்கும் ஒட்டிக்கிற சங்கம். யேல் யூனிவர்சிட்டில 1844ல ஆரம்பிச்ச டெல்டா கப்பா எப்சிலான் ஒண்ண மட்டும் எடுத்தாலே ஜனாதிபதிங்க தியோடர் ரூஸ்வெல்ட், ஃபோர்டு, அப்பா புஷ், மகன் புஷ்ல இருந்து இப்ப சுப்ரீம் கோர்ட்ல இருக்குற கவனா வரைக்கும் வந்துடறாங்க.

ஆனா எனக்கு சுவாரசியமா படுறது அதே யேல்ல இருக்குற ஸ்கல் அண்ட் போன்ஸ்தான், கறாரா பாத்தா அது ஃப்ரெட்டர்னிட்டி இல்ல, கடைசி வருஷ பசங்களோட ரகசிய சங்கம், வருஷத்துக்கு 15 பேர்தான், அவங்க கூடுற கல் கட்டடத்துக்குப் பேரே கல்லறை (பேரு வெச்சவன் ரசனைக்காரன்). 1832ல அத ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரோட மகன்தான் டாஃப்ட், அவரும் மெம்பரு, ஜனாதிபதி, தலைமை நீதிபதி ரெண்டு நாற்காலிலயும் உக்காந்த ஒரே ஆளு. 2004 எலக்‌ஷன்ல மோதுன மகன் புஷ்ஷும் கெர்ரியும்கூட அந்தக் கல்லறைப் பசங்கதான், டிவில அதப்பத்தி கேட்டப்ப ரெண்டு பேருமே ரகசியம்னு மழுப்பிட்டாங்க.

வெள்ளக்காரங்க மட்டும்னு நினைக்காதீங்க, முதல் கறுப்பின சுப்ரீம் கோர்ட் நீதிபதி தர்குட் மார்ஷல், 1906ல கார்னெல் யூனிவர்சிட்டில கறுப்பின மாணவர்கள் தொடங்குன ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா ஃப்ரெட்டர்னிட்டிக்காரரு.