ராக் மெட்டில் தமிழ்ப் படக் கதை: பகடி ஆல்பத்துக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

கேள்வி: ஐயா, நாங்கள் நான்கு நண்பர்கள். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ், ஈசூன் பக்கம் இருக்கிறோம். கிட்டார், பேஸ், டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் நாங்களே வாசிப்போம். 1960, 70களில் வந்த ஆங்கில ராக் பாடல்கள் பத்தை எடுத்து, அதே மெட்டில் ஒரு பழைய தமிழ்ப் படத்தின் கதையை நையாண்டியாக எழுதி ஆல்பம் போட ஆசை. பகடிக்கு அனுமதி வேண்டாம் என்கிறான் ஒரு நண்பன். காசு வாங்காமல் வெளியிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறான் இன்னொருவன். ஒரு முகவர் பத்துப் பாட்டுக்கும் 'முழு உரிமம்' வாங்கித் தர 2,500 வெள்ளி கேட்டார். 500 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டோம். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

ஆளைப் பார்க்காமலே ஏன் சொல்கிறேன் என்றால், இதே போன்ற 'முழு உரிமம்' ஒன்றை என் மேசையில் விரித்துப் பார்த்திருக்கிறேன். உங்களைப் போல ஒரு குழு 1,800 வெள்ளி கொடுத்து வாங்கிய தாள் அது. மேலே தங்க நிறத்தில் முத்திரை, நடுவில் பாட்டின் பெயர், கீழே கையெழுத்து. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கடைசிப் பத்தியில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இரண்டு வரி இருந்தது. ஒன்று, இது அமெரிக்காவுக்குள் மட்டும் செல்லும். இரண்டு, பாடல்வரிகளை மாற்றக்கூடாது. அந்தப் பையன்கள் பாடியது தமிழில், வெளியிட நினைத்தது சிங்கப்பூரில். 1,800 வெள்ளிக்கு அந்தத் தாளில் அவர்களுக்கு உபயோகமான ஒரு சொல்கூட இல்லை.

அமெரிக்காவில், ஒருமுறை வெளியான பாட்டை யாரும் திரும்பப் பாடிப் பதிவு செய்யலாம், நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டினால் போதும். இணையத்தில் யாரும் மலிவாக வாங்கக்கூடிய உரிமம் அது. பாட்டை உள்ளபடி பாடுவதற்குத்தான் அது செல்லும். வரிகளை மாற்றிவிட்டால் செல்லாது. தரகர்கள் இதை வாங்கி, முத்திரை குத்தி, நூற்றுக்கணக்கான வெள்ளிக்கு விற்கிறார்கள். இன்னும் சிலர், பாட்டெழுதுபவர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் கட்டணம் வசூலிக்கும் இங்குள்ள காம்பஸ் அமைப்பின் ரசீதைக் காட்டுவார்கள். உணவகத்திலும் மேடையிலும் பாட்டு ஒலிக்கக் கட்டும் கட்டணத்துக்கு அது சரியான ரசீதுதான். வரியை மாற்றி ஆல்பம் போட அது அனுமதி ஆகாது. பத்துப் பாட்டுக்கு வரி மாற்றும் உரிமையை 2,500 வெள்ளிக்கு வாங்கித் தருகிறேன் என்பவர், ஒன்று விஷயம் தெரியாதவர், இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறவர்.

சரி, அனுமதி உண்மையிலேயே தேவையா? ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மெட்டும் வரிகளும் ஒன்று, அது பெரும்பாலும் இசைப் பதிப்பாளர் நிறுவனத்தின் கையில் இருக்கும். ஸ்டூடியோவில் பதிவான ஒலி இன்னொன்று, அது இசைத்தட்டு நிறுவனத்துடையது. நீங்களே வாசிப்பதால் இரண்டாவது தொல்லை உங்களுக்கு இல்லை. ஆனால் அவசரத்துக்குக் கரோக்கி டிராக்கை வாங்கி அதன்மேல் பாடிவிடாதீர்கள், அதுவும் ஒருவருடைய ஒலிப்பதிவுதான். முதலாவது சொத்து உங்களை விடாது. சிங்கப்பூரில் அது எழுதியவரின் ஆயுட்காலத்துக்கு மேல் 70 ஆண்டு நீடிக்கும். நீங்கள் சொல்லும் காலத்தில் எழுதிய பாட்டு எதுவும் இன்னும் பொதுச் சொத்து ஆகவில்லை.

நமக்கு இது விசித்திரமாகப் படும். நம் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே 'வர்ணமெட்டு' என்று போட்டு, எந்தப் பாட்டின் மெட்டில் பாடவேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். இன்றும் சினிமா மெட்டில் சாமி பாட்டு பாடுகிறோம். மெட்டு ஊர்க்கிணறு, யாரும் இறைக்கலாம் என்பதே நம் பழக்கம். அந்தப் பழக்கம் எனக்கும் பிடிக்கும். ஆனால் லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள பதிப்பாளருக்கு அது தெரியாது.

இனி உங்கள் நண்பர் சொன்ன 'பகடிக்கு விலக்கு'. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள்.

பிரிட்டனில் 2014 முதல் பகடிக்கென்றே சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. நம் ஊரில் கிடையாது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூக்கிவிட்டு 2021ல் புதிய பதிப்புரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள், அந்த நவம்பரில் அது நடப்புக்கும் வந்தது. அத்தனை பக்கம் எழுதியவர்கள் பகடிக்கு ஒரு பிரிவு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு. மேடையில் நையாண்டி செய்யும் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் வக்கீலைத் தேடி ஓடவேண்டியிருக்கிறது.

நமக்கு இருப்பது 'நியாயமான பயன்பாடு' என்ற பொதுவான விலக்கு. எதற்காக எடுத்தீர்கள், எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், அசல்காரரின் வியாபாரம் கெடுமா என்று நீதிமன்றம் எடைபோடும். இதில் முதல் கேள்வி உங்களுக்கு ஆபத்தானது. 1994ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ராய் ஆர்பிசனின் புகழ்பெற்ற பாட்டை 2 லைவ் க்ரூ என்ற ராப் குழு கேலி செய்து பாடியிருந்தது. காசுக்கு விற்றாலும் பகடி நியாயமான பயன்பாடாக இருக்கலாம் என்றது நீதிமன்றம். ஊரெல்லாம் இந்தப் பாதியைத்தான் சொல்கிறது. மறுபாதி என்ன? அந்தப் பாட்டையே கேலி செய்ய அந்தப் பாட்டை எடுத்தால் காரணம் இருக்கிறது. வேறொன்றைக் கேலி செய்ய இந்தப் பாட்டை இரவல் வாங்கினால், 'ஏன் இதையே எடுத்தாய்?' என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லவேண்டும். அமெரிக்கத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கேள்வி நியாயமானது, இங்கேயும் அதைத்தான் கேட்பார்கள்.

இப்போது உங்கள் ஆல்பத்தைப் பாருங்கள். சிரிப்பது யாரைப் பார்த்து? தமிழ்ப் படத்தைப் பார்த்து. எடுப்பது யாருடையதை? ராக் பாட்டுக்காரருடையதை. கிட்டார் ரிஃப் முதல் கோரஸ் வரை முழு மெட்டையும் எடுக்கிறீர்கள், பத்துப் பாட்டுக்கும். பக்கத்து வீட்டுக்காரனைக் கேலி செய்ய எதிர்வீட்டுக்காரனின் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டு போவது போல இது. எதிர்வீட்டுக்காரன் சட்டையைக் கேட்பான்.

உங்கள் யோசனை போலவே வெளிநாட்டில் ஒரு ஆல்பம் 2017ல் வந்தது. பீட்டில்ஸின் 1967 ஆல்பம் ஒன்றின் மெட்டுகளில் ஸ்டார் வார்ஸ் கதையை முழுக்கப் பாடி, பேலட்-ஸ்வாப் நிஞ்சா என்ற இருவர் குழு இணையத்தில் இலவசமாக விட்டது. எனக்கும் அது பிடித்த வேலை. ஆனால் இலவசமாக விடுவது நாலு எடைக்கற்களில் ஒன்றுக்கு மட்டும் உதவும். இங்கே நட்டத்தை நிரூபிக்காமலே ஒரு படைப்புக்கு 10,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கச் சட்டம் இடம் தருகிறது. பத்துப் பாட்டு என்றால் கணக்கை நீங்களே போடுங்கள். 'முப்பது விநாடிக்குள் என்றால் பரவாயில்லை' என்பதும், 'மீறும் நோக்கம் இல்லை' என்று கீழே எழுதிவிட்டால் போதும் என்பதும் வெறும் கட்டுக்கதை. பகடியிலேயே வாழ்க்கை நடத்தும் அமெரிக்கப் பாடகர் வியர்ட் ஆல் யாங்கோவிக்கே அசல்காரரிடம் அனுமதி கேட்டுத்தான் பாடுகிறார்.

படத்தின் பக்கம் பெரிய பயம் இல்லை. கதையின் போக்கைச் சொந்த வார்த்தையில் கிண்டலடிக்கலாம். படத்தின் வசன ஒலியையோ பின்னணி இசையையோ வெட்டி ஒட்டாதீர்கள், போஸ்டர் படத்தை அட்டையில் போடாதீர்கள்.

அப்படியானால் ஆல்பத்தைக் கைவிடுவதா? வேண்டாம். ஒன்பது பாட்டுக்கு மெட்டை நீங்களே போடுங்கள். அந்தக் காலத்து ராக்கின் ஓசை யாருக்கும் சொந்தமில்லை. பன்னிரண்டு பார் புளூஸ், கரகரக்கும் கிட்டார், ஆர்கன், மூன்று குரல் ஹார்மனி, பாட்டு நடுவில் நீளும் சோலோ எல்லாம் பொது. கேட்பவருக்கு 'இது அந்தக் குழு மாதிரி இருக்கிறதே' என்று சிரிப்பு வரவேண்டும், ஆனால் எந்தப் பாட்டு என்று சொல்ல முடியக்கூடாது. நாலு பேரும் வாசிக்கத் தெரிந்தவர்கள், உங்களால் முடியும். மெட்டு உங்களுடையது ஆகும்போது காம்பஸில் உறுப்பினராகிப் பதிவு செய்யலாம், பாட்டு எங்காவது ஒலித்தால் பணம் உங்களுக்கு வரும். யூடியூபின் தானியங்கிச் சோதனையும் அநேகமாக உங்களைத் தொடாது.

விடவே முடியாத அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். காம்பஸ் போன்ற ஆஸ்காப், பிஎம்ஐ என்ற அமெரிக்க அமைப்புகளின் தளங்களில் பாட்டின் பெயரைப் போட்டால் பதிப்பாளர் யார் என்று இலவசமாகத் தெரியும். தமிழ் வரிகளையும், அவற்றின் நேரான ஆங்கில மொழிபெயர்ப்பையும், எங்கே எப்படி வெளியிடுவீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வர மாதங்கள் ஆகும். ஒரே பாட்டு மூன்று நிறுவனங்களுக்குப் பங்கு பிரிந்திருக்கும், இரண்டு பேர் சரி சொல்லி மூன்றாமவர் கடிதத்தைத் திறக்காமலே கிடப்பில் போடுவார். சின்னக் குழுக்களுக்கென்று ஒரே இடத்தில் ஒரு படிவம், ஒரு கட்டணம் வைக்க இந்தத் துறையில் யாரும் முன்வந்ததாக எனக்குத் தெரியவில்லை. பதில் வரவில்லை என்றால் சம்மதம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த 500 வெள்ளி: எந்தப் பாட்டு, எந்தப் பதிப்பாளர், வரி மாற்ற எழுத்தில் அனுமதி எங்கே என்று முகவரிடம் வாட்ஸ்அப்பில் கேளுங்கள், போனில் வேண்டாம். ஒரு வாரம் கெடு கொடுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் நீங்களே மனு போடலாம், வக்கீல் தேவையில்லை. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். பணம் அனுப்பிய பேநவ் ரசீதையும் அவர் அனுப்பிய செய்திகளையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவர் எந்தப் பெயரில் நிறுவனம் நடத்துகிறார் என்பதையும் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், மனுவில் அந்தப் பெயரைத்தான் எழுதவேண்டும்.