கர்ப்பகால சர்க்கரையைத் தாவர ஸ்டெரால் தடுக்குமா?

கேள்வி: தாவர ஸ்டெரால் உள்ள உணவு சாப்பிட்டால் கர்ப்பத்தில் சர்க்கரை வராது என்கிறார்களே, உண்மையா? அதற்கென்று விற்கிற பவுடரை என் தங்கைக்கு வாங்கித் தரலாமா?

பவுடர் வேண்டாம். தாவர ஸ்டெரால் என்பது கொட்டை, பயறு, காய், பழங்களில் இயல்பாகவே இருக்கிற, கொழுப்பு போன்ற ஒரு பொருள். அது உள்ள சாப்பாடு நல்லதுதான், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதை நம்பி சர்க்கரை டெஸ்ட்டை மட்டும் தள்ளிப் போட வேண்டாம். எனக்கு இரண்டாவது பிள்ளையின்போது இந்தச் சர்க்கரை வந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் ஊர். காப்பிச் செடிக்கு நடுவே மிளகு, மலைவாழை, பட்டர் ஃப்ரூட் எல்லாம் கலந்து நிற்கும். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.டி. 1 ரகப் பட்டர் ஃப்ரூட் மரம் இரண்டு எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. பீட்டா சிட்டோஸ்டெரால் என்ற தாவர ஸ்டெரால் அதிகமுள்ள பழங்களில் அதுவும் ஒன்று. "நல்ல கொழுப்பும்மா, பிள்ளைக்கு நல்லது" என்று அத்தை தினமும் பால் விட்டு, நாட்டுச் சர்க்கரை போட்டு அடித்துத் தருவார். நானும் குடித்தேன்.

24-ஆவது வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெஸ்ட். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். சாப்பிட்டு வந்தாலும் சாப்பிடாமல் வந்தாலும் பரவாயில்லை, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகால சர்க்கரை. இந்த முறைக்காக வாதாடியவர் சென்னை டாக்டர் வீ. சேஷையா. வெறும் வயிற்றோடு மலையிறங்கி வரச் சொன்னால் பாதிப் பேர் வரவே மாட்டார்கள் என்பதை எங்களைப் போன்றவர்களிடம் கேட்டால் தெரியும். குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்தால் மறுநாள் திரும்பவும் எடுக்க வேண்டும். பஸ் வளைவில் குமட்டிக்கொண்டு வந்திருந்தால் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுக் குடிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு 158 வந்தது.

சிஸ்டர் என் சாப்பாட்டை ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜூஸ் கதையைச் சொன்னதும், "பழத்தை விட வேண்டாம்மா, அடிச்சுக் குடிக்கிறதை விடு" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. வீட்டில் குளுக்கோமீட்டர் வாங்கி நானே பார்த்தேன். ஒரு நாள் நாலு மணிக்கு வழக்கமான ஜூஸ். 2 மணி நேரம் கழித்து 151. மறுநாள் அதே மரத்துப் பழம் பாதி, உப்பும் மிளகுத் தூளும் தூவி, கூட ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டல், 109. இருக்க வேண்டியது 120-க்குள். இரண்டு நாளும் அதே பழம், அதே ஸ்டெரால். மாறியது, பாலும் மூன்று கரண்டி நாட்டுச் சர்க்கரையும் போய்ச் சுண்டல் வந்ததுதான். அன்றைக்கு அத்தையே மீட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தாவர ஸ்டெராலின் உருவம் கொலஸ்ட்ராலை ஒத்தது. குடலில் கொலஸ்ட்ராலோடு போட்டி போட்டு, அது ரத்தத்தில் சேர்வதைக் குறைக்கும். ஒரு நாளைக்கு 2 கிராம் அளவு எடுத்தால் கெட்ட கொலஸ்ட்ரால் பத்து சதவீதம் வரை குறையும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். ஆனால் அது கொலஸ்ட்ரால் கணக்கு, சர்க்கரைக் கணக்கு இல்லை. சாதாரணச் சாப்பாட்டில் கிடைப்பதோ 200 முதல் 400 மில்லிகிராம். 100 கிராம் பட்டர் ஃப்ரூட்டில் சுமார் 75 மில்லிகிராம், நிலக்கடலையில் சுமார் 220. பழத்தை வைத்தே 2 கிராம் சேர்க்க வேண்டுமென்றால் தினம் இரண்டரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும்!

சர்க்கரை பற்றியும் ஆய்வு இல்லாமல் இல்லை. சீனாவில் ஸ்டெரால் சேர்த்த மார்ஜரினை (தாவர எண்ணெயில் செய்கிற, வெண்ணெய் போன்றது) ஏற்கெனவே கர்ப்பகால சர்க்கரை வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு அளவும் இன்சுலின் வேலை செய்வதும் மேம்பட்டன. அது வந்த பிறகு கொடுத்தது. வராமல் தடுத்ததற்குச் சாட்சி ஆகாது. ஸ்டெரால் நிறைய சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை குறைவு என்று ஒரு கணக்கெடுப்பு சொன்னாலும், அவர்கள் காய், பயறு, கொட்டை எல்லாமே கூடுதலாகச் சாப்பிடுகிறவர்களாக இருப்பார்கள். நார்ச்சத்து செய்த வேலையா, ஸ்டெரால் செய்ததா என்று பிரிப்பது எளிதல்ல.

பவுடர், கேப்சூல் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கர்ப்பத்தில் கொலஸ்ட்ரால் ஏறுவது இயல்பு, குழந்தையின் வளர்ச்சிக்கும் அது தேவை. அளவுக்கு மீறிய ஸ்டெரால், வைட்டமின் ஏ-யாக மாறுகிற பீட்டா கரோட்டின் உடம்பில் சேர்வதையும் குறைக்கும். ஐரோப்பாவில் ஸ்டெரால் சேர்த்த உணவு டப்பாக்களில், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இது ஏற்றதல்லாமல் போகலாம் என்று அச்சிட வேண்டும் என்றே விதி.

தங்கைக்கு நான் சொல்வது இதுதான். நாலு இட்லி என்றால் இரண்டாக்கி, கூடவே ஒரு கிண்ணம் பயறு, அவித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, பீன்ஸ் பொரியல். எள் வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் பயந்தால் சண்டை போடாதீர்கள், கடலையே போதும். ஸ்டெரால் இதில் தானாக வந்து சேரும்.

நான் இரண்டு வாரம் இப்படியே சாப்பிட்டும் காலை வெறும் வயிற்று அளவு 95-க்குக் கீழே வரவில்லை, இன்சுலின் போட்டார்கள். சாப்பாட்டில் தப்பு செய்துவிட்டேன் என்று ராத்திரியெல்லாம் அழுதேன். நஞ்சுக்கொடியில் சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன, சிலருக்கு எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டாலும் ஏறத்தான் செய்யும் என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் அழுதிருக்க மாட்டேன். உங்கள் தங்கைக்கு அப்படி ஆனால் முதலில் இதைச் சொல்லுங்கள்.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுக்கிற முதல் டெஸ்ட் நார்மல் என்றாலும் 24-இலிருந்து 28 வாரத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும். சர்க்கரை வந்திருந்தால், பிரசவமாகி 6 வாரத்தில் இன்னொரு தடவை. எனக்கு அப்போது 118. பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் போயிருந்தேன். அந்த 2 மணி நேரமும் மடியிலேயே தூங்கினாள்.