பாப்பாவுக்கு டியூஷன் வேண்டாம், தம்பி

தம்பி, கேரள-தமிழ்நாட்டு எல்லையில் நம் வேலந்தாவளத்தில் பத்தாவது முடித்த உங்கள் பெண்ணை இங்கிலாந்துக்குக் கூட்டி வந்து ஐபி டிப்ளமோவில், அதாவது நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரியான இரண்டு வருடப் படிப்பில், சேர்த்திருக்கிறீர்கள். "தியரி ஆஃப் நாலெட்ஜ் என்று ஒரு பாடம், அதற்குப் பரீட்சையே இல்லையாம். டியூஷன் வைக்கலாமா, கண்டுகொள்ளாமல் விடலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். நானும் கொழிஞ்சாம்பாறைக்காரிதான். என் மகன் இங்கே அதைப் படித்து முடித்தவன்.

விட முடியாது. ஆறு பாடத்துக்கு ஏழேழு புள்ளி, 42. மீதி 3 புள்ளி இந்தப் பாடமும், பிள்ளையே ஒரு தலைப்பை ஆராய்ந்து எழுதுகிற நீள்கட்டுரையும் (எக்ஸ்டெண்டட் எஸ்ஸே) சேர்ந்து தருவது. மூன்றுதானே என்று இருந்துவிடாதீர்கள், இதில் கடைசி கிரேடான ஈ (E) வந்தால் டிப்ளமோவே கிடைக்காது. செய்ய வேண்டியது இரண்டு: 1,600 சொல்லுக்குள் ஒரு கட்டுரை, மூன்று பொருள்களை வைத்து 950 சொல்லுக்குள் விளக்கம் எழுதுகிற ஒரு எக்ஸிபிஷன்.

டியூஷனும் வேண்டாம். மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் பண்ணுகிற பாடம் இல்லை இது. ஒருவர் ஒன்றைச் சொன்னால், அது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கப் பழக்குகிற பாடம். அதற்கு நம் எல்லைப் பிள்ளைகளிடம் சரக்கு நிறையவே இருக்கிறது.

என் மகன் எக்ஸிபிஷனுக்கு எடுத்த கேள்வி, "ஒரு கூற்றுக்கு நல்ல ஆதாரம் எது?" என்பது. அவன் வைத்த பொருள்கள்: ஆழியாறு தண்ணீர் பற்றி ஒரு தமிழ்ப் பத்திரிகைத் துண்டு, அதே வாரத்து மலையாளப் பத்திரிகைத் துண்டு, அப்புறம் அவன் தாத்தாவின் மாதக் காலண்டர். 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுக்கு 7.25 டிஎம்சி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு வர வேண்டும். கொடுத்தாயிற்று என்றது ஒன்று, வரவில்லை என்றது இன்னொன்று. "தண்ணீர் திறக்காததால்தான் பாலக்காட்டுச் சித்தூர் வயல் காய்ந்தது" என்று அவன் எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் ஆசிரியர், "யார் அளந்தது? எங்கே நின்று?" என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

தாத்தாவுக்குப் போன் போட்டான். "மணக்கடவுல அளந்தா ஆச்சா? மூலத்தறை தாண்டி, வாய்க்கால் தாண்டி, நம்ம கடைமடைக்கு வரோணுமல்லோ" என்றார். வயலுக்குத் தண்ணீர் வந்த தேதிகளையெல்லாம் அந்தக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். அணைக்கட்டு அளவும் வயல் அளவும் இரண்டுமே உண்மையாக இருக்க முடியும் என்று பையனுக்கு அப்போதுதான் பிடிபட்டது. ஆனால் தாத்தாவின் வட்டம் ஒரு வயலுக்கு மட்டும்தான் சாட்சி என்பதையும் அவனே எழுதிச் சேர்த்தான். எனக்கு அதுதான் பெருமை.

ஆங்கிலம் வந்துவிடும், அதற்குக் கவலைப்படாதீர்கள். நம் பிள்ளைகளுக்குச் சிரமம் வேறு இடத்தில். பெரியவர் பேச்சுக்கு எதிர்க்கேள்வி போட்டால் வாயாடி என்று அடக்கித்தானே வளர்க்கிறோம்? அந்தப் பழக்கத்தோடு வகுப்பில் உட்கார்ந்தால், ஆசிரியர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்துவிடும் பாப்பா. சாப்பிடும்போது நீங்கள் வாட்ஸாப்பில் வந்த ஏதாவது செய்தியைச் சொல்லுங்கள். "எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள், தெரியாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள்.

எழுத்து வேலையில் ஒன்றைக் கவனியுங்கள். கட்டுரைக்கு ஆசிரியர் ஒரே ஒரு வரைவுக்குத்தான் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். அரைகுறையாக எழுதியதைக் கொடுத்து அந்த வாய்ப்பைத் தொலைக்க வேண்டாம். எக்ஸிபிஷன் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே வரும், தேதியைப் பள்ளியில் இப்போதே கேட்டு வையுங்கள்.