புகை போட விறகு எங்கே கிடைக்கும்? கேள்வி பதில்

வீட்டுத் தோட்டத்தில் பார்பிக்யூ போடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், இறைச்சிக்குப் புகை மணம் ஏற்றும் விறகு சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்த அடுப்பு வாங்கலாம், என்ன மசாலா தடவலாம் என்பதெல்லாம் என் துறை இல்லை.

கேள்வி: கடையில் சின்னப் பொட்டலமாக விற்கிற மரச்சில்லு கட்டுப்படியாகவில்லை சார். நல்ல விறகு வேறு எங்கே தேடலாம்?

பதில்: முதலில் மரம் வெட்டும் தொழில் செய்கிறவர்களிடம் கேளுங்கள். வெட்டிய கட்டையை அப்புறப்படுத்துவதே அவர்களுக்குச் செலவு. அதனால் கேட்டால் சும்மாவே கொடுக்கிறவர்கள் உண்டு. ஆனால் ‘விறகு வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் கைக்கு வந்ததையெல்லாம் கலந்து கொட்டிவிட்டுப் போவார்கள். மரத்தின் பெயரைச் சொல்லுங்கள், 10 முதல் 20 செ.மீ. தடிமனுள்ள கிளைகள் என்று சொல்லுங்கள். இயந்திரத்தில் அரைத்த சில்லு வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். அதில் இலை, பட்டை, அன்றைக்கு வெட்டிய எல்லா மரமும் சேர்ந்திருக்கும். கிடைப்பது பச்சை மரம்தான், ஆகவே காயவைக்க இடமும் பொறுமையும் வேண்டும்.

அடுத்தது பழத்தோட்டங்கள். கவாத்து செய்யும் பருவத்திலும், காய்ப்பு குறைந்த கிழட்டு மரங்களைப் பிடுங்கும்போதும் போய்க் கேட்கலாம். ஆப்பிள், செர்ரி, பீச், கொய்யா, ஆரஞ்சு எல்லாம் புகைக்கு நல்ல மரங்கள். மருந்து விஷயத்தில் மட்டும் கவனம். கடைசியாக எப்போது, என்ன அடித்தார்கள் என்று கேட்காமல் ஒரு குச்சி கூட எடுக்காதீர்கள். பழைய ஆப்பிள் தோட்டங்களில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஈய ஆர்சனேட் என்ற பூச்சிமருந்தை அடித்திருக்கிறார்கள். அது மண்ணை விட்டுப் போகாது. அப்படிப்பட்ட இடத்தில் வேர்க்கட்டையையும் மண் ஒட்டிய அடிமரத்தையும் தொடாதீர்கள்.

மூன்றாவது, மரம் அறுக்கும் மில்லும் தச்சுப்பட்டறையும். ஓக், மேப்பிள் போன்ற கெட்டி மரத்தின் வெட்டுத்துண்டுகள் சுத்தமாகக் கிடைக்கும். சூளையில் உலர்த்திய பலகை என்றால் ஈரம் 6 முதல் 10 சதவீதம்தான் இருக்கும், சட்டென்று எரிந்து தீரும். கரிமேல் வைக்கிற துண்டுக்கு அது போதும், விறகு மட்டுமே எரித்துப் புகையில் சமைக்கிற ஸ்மோக்கர் அடுப்புக்குச் சரிப்படாது. பிளைவுட், எம்.டி.எஃப். துண்டு ஒன்றுகூடக் கலந்து வரக்கூடாது. அவற்றின் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது.

விறகுக்கடை கடைசி. அங்கே பல மரங்கள் கலந்திருக்கும், நின்று பொறுக்கி எடுக்க விட்டால் வாங்குங்கள்.

எங்கே வாங்கினாலும் மூன்று கேள்வி: எந்த மரம், எப்போது வெட்டினது, அதன்மேல் என்ன பட்டது? மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் கிடைக்கிற சாதாரண ஓக், எதுவும் தெரியாதவரிடம் வாங்குகிற அருமையான ஹிக்கரி மரத்தைவிட மேல்.

கேள்வி: தைலமரம், பைன் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. தைலமரத்தில் எண்ணெய், பைனில் பிசின். இரண்டும் கரும்புகை விடும், சாப்பாடு கசக்கும். தேவதாரு, சைப்ரஸ், ஃபிர் எல்லாவற்றுக்கும் இதே பதில்.

கேள்வி: விற்பவர் ‘நன்றாகக் காய்ந்தது’ என்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்னும், ஈரமானது மொத்தென்று கேட்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விரிசல் ஓடியிருக்க வேண்டும். ஆனால் விரிசலை மட்டும் நம்பாதீர்கள். முனை சில வாரத்திலேயே வெடித்துவிடும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். ஒரு கட்டையை அங்கேயே பிளக்கச் சொல்லி, உள்முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம்.

ஈரமானி வைத்திருந்தால், புதிதாகப் பிளந்த முகத்தின் நடுவில், இழையின் போக்கில் ஊசியைக் குத்துங்கள். வெளிப்புறத்திலோ வெட்டுமுனையிலோ குத்தினால் குறைவாகத்தான் காட்டும். 15 முதல் 20 சதவீதம் நல்ல அளவு. 25-ஐத் தாண்டினால் தீ தன் சூட்டையெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவழிக்கும். வெள்ளைப் புகை வரும், கிரியோசோட் என்கிற தார் போன்ற கசடு படியும்.

மானி இல்லாதவர்களுக்குத் தராசு போதும். கட்டையின் நடுவிலிருந்து ஒரு சிறு துண்டு அறுத்து எடை போடுங்கள். 103 டிகிரி செல்சியஸ் ஓவனில் வைத்து, எடை மேற்கொண்டு குறையாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். இப்படிக் குறைந்துபோன எடையை உலர்ந்த எடையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஈர சதவீதம். 120 கிராம் 100 கிராமாக ஆனால் 20 சதவீதம்.

வெட்டுமுனையில் சோப்புநீர் தடவி மறுமுனையில் ஊதிக் குமிழ் வருகிறதா என்று பார்க்கும் பழக்கமும் உண்டு. சிவப்பு ஓக்கில் அது வேலை செய்யும். வெள்ளை ஓக்கில் நாளங்கள் அடைபட்டிருப்பதால் எவ்வளவு காய்ந்தாலும் குமிழ் வராது. அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: எடைக்கு வாங்குவது லாபமா, அடுக்குக் கணக்கில் வாங்குவதா?

பதில்: அடுக்குக் கணக்கு. ஈர விறகை எடை போட்டால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். மொத்த எடையில் பாதி தண்ணீராக இருக்கும் பச்சை மரம் 100 கிலோ வாங்கினால் கையில் நிற்பது 50 கிலோ மரம். அடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ‘கார்டு’ என்று விற்கும் இடங்களில் அது 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம், 128 கன அடி நெருக்கமான அடுக்கு. வண்டியில் கலைத்துக் கொட்டியதை அதே கணக்கில் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: சில்லுகளை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்?

பதில்: ஊறவைக்கவே வேண்டாம். தண்ணீர் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே அதிகம் போகாது. ஊறிய ஈரம் ஆவியாகி முடியும்வரை மரம் புகைய ஆரம்பிக்காது. முதலில் வருவது நீராவிதான்.

கேள்வி: கப்பலில் சரக்கு வரும் மரத் தட்டுகளை உடைத்து எரிக்கலாமா? ‘எச்.டி.’ முத்திரை இருந்தால் பாதுகாப்பு என்கிறார்களே.

பதில்: அந்த முத்திரை சொல்வது ஒன்றே ஒன்று. மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டிருக்கிறது, பூச்சி செத்திருக்கும். அதற்குப் பிறகு அந்தத் தட்டின்மேல் பூச்சிமருந்து சிந்தியதா, இயந்திர எண்ணெய் ஒழுகியதா என்று எந்த முத்திரையும் சொல்லாது. ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. போதாததற்குப் பல தட்டுகள் பைன் வகைதான். வேண்டாம்.

கேள்வி: பழைய கதவு, ஜன்னல் சட்டம்?

பதில்: கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வெளியில் போட்ட வேலி, மேடைப் பலகைகளில் தாமிரமும் குரோமியமும் ஆர்சனிக்கும் ஏற்றியிருக்கலாம். எரித்தால் ஆர்சனிக் புகையிலும் போகும், சாம்பலிலும் நிற்கும்.

கேள்வி: பட்டையை உரித்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று படித்தேன். உரிப்பது பெரிய வேலையாக இருக்கிறது அண்ணே.

பதில்: எல்லா விறகுக்கும் தேவையில்லை. தானாகக் கழன்று வருவதைத் தட்டிவிடுங்கள். பாசியும் மண்ணும் ஒட்டியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். மருந்து அடித்த தோட்டத்து மரமென்றால் முழுக்க உரியுங்கள், ஏனென்றால் மருந்து படிவது பட்டையில்தான்.

மறுப்பு: தவறு. பட்டையில் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் அதிகம், சாம்பல் அதிகம். கசப்புக்குக் காரணமே அதுதான். எந்த மரமானாலும் உரித்தே ஆக வேண்டும்.

பதில்: டானினும் சாம்பலும் அதிகம் என்பது உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். கசப்பு அதிலிருந்துதான் வருகிறதா என்பதுதான் வழக்கு. நல்ல காற்றோட்டத்தில் தழலாக எரியும் தீயில் பட்டையும் சேர்ந்து எரிந்துவிடுகிறது. காற்றை அடைத்துவிட்டுப் புகையவிட்டால் உரித்த மரமும் கசக்கும். மணம் தருகிற குவாயகால், சிரிங்கால் இரண்டும் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் சிதைவதிலிருந்து வருபவை. தீ மூச்சுத் திணறினால் அவற்றோடு தாரும் சேர்ந்து இறைச்சியில் படிகிறது. அந்தத் தாரின் பழியைப் பட்டையின் தலையில் போடுகிறோம்.

இன்னொருவர்: அப்படியென்றால் கரிமேல் வைக்கிற சின்னத் துண்டுக்கு? அங்கே மரம் தழலாக எரிவதில்லையே, புகையத்தானே செய்கிறது?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். அங்கே மறுப்பவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சின்னக் கிளையில் மரத்தோடு ஒப்பிட்டால் பட்டையின் பங்கு அதிகம், தீயோ மந்தம். கரிக்குப் போடும் துண்டுகளில் தடித்த பட்டையைச் செதுக்கிவிடுங்கள். செர்ரி மாதிரி மெல்லிய பட்டையை விட்டுவிடலாம். விறகு எரிக்கும் ஸ்மோக்கரில் மணிக்கட்டுத் தடிமன் பிளவுகளுக்கு உரிக்கும் வேலை வீண்.

மறுப்பு: அப்படியானால் முதலில் பொதுவாக ‘தேவையில்லை’ என்றது ஏன்? படிக்கிறவர்களில் பாதிப் பேர் கரிதான் வைத்திருக்கிறார்கள்.

பதில்: நியாயம். கேட்டவர் உரிப்பது பெரிய வேலை என்றதால் பெரிய விறகை நினைத்தே சொன்னேன். சந்தேகம் தீராதவர்கள் ஒரே கட்டையை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை உரித்து, ஒரே அளவு கரியில் தனித்தனியாகப் புகை போட்டுப் பாருங்கள். உப்பு மட்டும் தடவிய இறைச்சியில் செய்யுங்கள், மசாலா இருந்தால் வித்தியாசம் மறைந்துவிடும். இரண்டு தடவையும் காற்றுத் திறப்பு ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் சோதிப்பது காற்றை, பட்டையை அல்ல.

கேள்வி: ஆப்பிள் சாற்றில் ஊறவைத்தால் மணம் வருமா?

பதில்: வராது. ஊறவைப்பது பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: கடற்கரையில் ஒதுங்கிய கட்டை நன்றாகக் காய்ந்திருக்கிறது...

பதில்: வேண்டாம். உப்பு ஊறிய மரம் எரியும்போது டையாக்ஸின் உண்டாகிறது.

கேள்வி: எந்த மரங்கள் விஷம்? ஒரு பட்டியல் கொடுங்கள்.

பதில்: அரளி, பொன்னரளி, எட்டி, யூ மரம், லாபர்னம் இவற்றின் பக்கமே போகாதீர்கள். தில்லை மரத்தின் பாலும் புகையும் கண்ணைக் கெடுக்கும். கட்டையில் ஏதாவது கொடி சுற்றிக் காய்ந்திருந்தால் அந்தக் கட்டையையே ஒதுக்குங்கள். பாய்சன் ஐவி கொடியாக இருந்தால் அதன் புகை நுரையீரலைப் புண்ணாக்கும். ஆனால் எந்தப் பட்டியலும் முழுமையாகாது. பட்டியலில் இல்லை என்பதற்காக ஒரு மரம் நல்ல மரமாகிவிடாது. பெயர் தெரியாத மரம் வேண்டாம்.

கேள்வி: செயின்சாவில் அறுத்த மரத்தில் எண்ணெய் படுமே?

பதில்: படும். வெட்டுமுகத்தில் கறை தெரிந்தால் அந்த முனையை ஒரு விரற்கடை கைரம்பத்தால் அறுத்து எறியுங்கள். செயின்சா தூளைச் சேகரித்துப் புகைக்குப் போடாதீர்கள், அது முழுக்க எண்ணெய் ஊறியது. நீங்களே அறுப்பதானால் சங்கிலிக்குத் தாவர எண்ணெய் ஊற்றுங்கள்.

கேள்வி: பச்சை விறகை எப்படிக் காயவைப்பது? எவ்வளவு நாள்?

பதில்: வந்த உடனேயே அறுத்துப் பிளந்துவிடுங்கள். உருண்டையாக விட்டால் பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே பூசணம் பிடிக்கும். நீளம் 30 முதல் 40 செ.மீ., தடிமன் 5 முதல் 8 செ.மீ. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டை போட்டு அதன்மேல் அடுக்குங்கள். வரிசைகளுக்கு நடுவே காற்றுப் போக இடம் விடுங்கள். தலைக்கு மட்டும் தகரம் போதும். தார்ப்பாயால் நான்கு பக்கமும் மூடுகிறவர்கள் விறகைக் காயவைப்பதில்லை, அவிக்கிறார்கள். பழமரங்களுக்கு 6 முதல் 12 மாதம், ஓக்குக்கு ஒன்றிலிருந்து இரண்டு வருடம். அடுக்கின்மேல் வெட்டிய தேதியை எழுதி வையுங்கள்.

பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் பூத்த கட்டையைக் கழித்துவிடுங்கள். எரித்தால் போய்விடும் என்பது உணவு சமைக்கிற தீக்குப் பொருந்தாது. உளுத்துத் தூள் கொட்டுகிற கட்டையும் அப்படியே.

கேள்வி: ஒரு தடவைக்கு எவ்வளவு மரம் வேண்டும்?

பதில்: மூடியுள்ள கரி அடுப்பில் 4, 5 மணி நேரச் சமையலுக்குக் கைப்பிடி அளவுத் துண்டு மூன்று அல்லது நான்கு. விறகு ஸ்மோக்கருக்கு 30 முதல் 45 நிமிடத்துக்கு ஒரு பிளவு. 10 மணி நேரத்துக்கு 20 எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெஸ்கீட் வகையான சீமைக்கருவேலம் காரமான புகை விடும், அதில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: வெளியூரில் நண்பரிடம் நல்ல செர்ரி இருக்கிறது. வண்டியில் கொண்டுவரலாமா?

பதில்: பச்சையாக, பட்டையோடு கொண்டுவராதீர்கள். மரத்தைத் துளைக்கும் வண்டுகள் விறகோடுதான் ஊர் மாறுகின்றன. ஆஷ் மரங்களைக் கூட்டம் கூட்டமாக அழித்த மரகதத் துளைப்பான் வண்டு வட அமெரிக்காவில் பரவியதில் விறகு வண்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பல இடங்களில் இதற்குச் சட்டத் தடையே இருக்கிறது. அருகில் வெட்டியதையே எரியுங்கள்.

கேள்வி: மரத்தூளை அழுத்திச் செய்கிற பெல்லட்?

பதில்: உணவுக்கு என்று குறித்ததை மட்டும். வீடு சூடாக்க விற்பவை பைனாக இருக்கலாம். உறையில் மரக் கலவை விவரத்தைப் படியுங்கள். ‘ஹிக்கரி’ என்று பெரிதாக அச்சிட்டு உள்ளே ஆல்டர் அல்லது ஓக்கில் மணம் ஏற்றியதும் உண்டு.

கேள்வி: சார், சில்லை அரைமணி நேரம் ஊறவைத்தால் போதுமா?

பதில்: ஊறவைக்க வேண்டாம்.

கேள்வி: வீட்டில் ஏற்கெனவே ஒரு குவியல் கிடக்கிறது, என்ன மரமென்றே தெரியவில்லை. கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: பாதி வழி உண்டு. வெட்டுமுனையைக் கூரிய பிளேடால் வழவழப்பாகச் சீவி, ஈரப்படுத்தி, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். ஊசித்துளைகள் நிறையத் தெரிந்தால் இலைமரம். துளையே இல்லாமலோ, அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டும் துளையோடோ நெருக்கமாக இருந்தால் பைன் வகை, உடனே ஒதுக்கலாம். துளை தெரிவதால் மட்டும் அது உண்ணும் உணவுக்கு ஏற்றது என்றாகாது, அரளியும் இலைமரம்தான். பட்டையும் ஒட்டியிருக்கும் இலையும் இருந்தால், மரம் வெட்டுகிற அனுபவசாலி ஒருவரிடம் காட்டுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் குளிர்காய வைத்துக்கொள்ளுங்கள், வெட்டவெளியில், புகை முகத்தில் படாத பக்கமாக உட்கார்ந்து.